தண்ணீர் குடிக்காதவர்கள்

நவதுறவு இல்லம், திண்டுக்கல்
16.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடும் தம்பியோடும் இருக்கட்டும். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட வந்தபோது உன் செருப்பு வார் காலில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது. நான் பார்த்து வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

இந்த ஒரு வருஷமும் எங்களுக்குப் போன் கிடையாது. மாதம் ஒரு கடிதம் எழுதலாம். உங்களிடமிருந்து எத்தனை வந்தாலும் கொடுப்பார்கள். வருகிற மே கடைசியில், கன்னியாஸ்திரியாக ஆண்டவருக்கு நான் வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு. அதுவரை உன் குரலுக்குப் பதில் உன் எழுத்துதான்.

வந்த வாரமே எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை நடந்தது. எனக்கு ரத்தம் கம்மியாம். தினமும் ஒரு சத்து மாத்திரை, ஒரு முட்டை, படுக்கும் முன் பால். சிறுநீரில் கிருமியும் இருந்ததாம். இங்கே நர்ஸாக இருக்கும் ஆரோக்கிய சிஸ்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். லீவு நாட்களில் உன்னோடு கிருஷ்ணப்பன் தோட்டத்துப் பட்டுப்புழுக் கொட்டகைக்கு வேலைக்கு வந்ததைச் சொன்னேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் பொழுதுசாய வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்றேன். ஏன் என்றார். ஒதுங்க இடமில்லை என்றேன். உன் அம்மாவுக்கு எப்படி என்று அடுத்துக் கேட்டார், உன் காலில் விழுந்த பள்ளத்தைச் சொன்னேன்.

நான் லீவுக்கு மட்டும் வந்தவள். அப்பா போனதிலிருந்து நீ அங்கேதானே இருக்கிறாய். கால் வீக்கம் என்றால் சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கலாம் என்கிறார் சிஸ்டர். இப்போதே பார்த்தால் காப்பாற்றிவிடலாமாம். விட்டுவிட்டால் போனது போனதுதானாம். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. ஒரே ஒரு தடவை டெஸ்ட் எடுத்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழ்மையைக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் பதினொரு பேருக்கு ஐந்து கழிப்பறை இருக்கிறது. முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் முத்தத்துக்கு ஏங்கும்,
மோனிஷா

&nbsp;

இண்டூர் பக்கம்
14.7.2024

என் தங்க மகள் மோனிஷாவுக்கு அம்மா இன்னாசியம்மாள் எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் உன் தம்பி அந்தோணி பிரகாஷும் சுகம். அவன் ஓசூர் கம்பெனியில் ஷிப்டு மாற்றி ஷிப்டு பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து பானையைக் காலி பண்ணிவிட்டுப் போகிறான்.

செருப்பு வார் பதிந்ததற்கெல்லாம் நாலு பக்கம் எழுதினால் தபால்காரர் பாவம். அது புதுச் செருப்பு, பாப்பா. கடிக்கத்தான் செய்யும்.

உன் சிஸ்டர் நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் நம் கொட்டகையைப் பார்த்ததில்லை. அவருக்குச் சொல்லு. கொட்டகைக்கு ஒரு பக்கம் தார் ரோடு, ஒரு பக்கம் அவர்கள் வீடு, மற்ற ரெண்டு பக்கமும் மல்பெரித் தோட்டம். அந்த இலைதான் புழுவுக்குச் சோறு. அதில் போய் ஒதுங்கினால் புழுவுக்கு நோய் வந்து பேட்சே போய்விடும். முன்னெல்லாம் கரட்டுப் பாறை மறைவுக்குப் போவோம். அதை இப்போது பிளாட் போட்டுக் கம்பி வேலி கட்டியாயிற்று. ஒரு தடவை வெளியே போனால் திரும்ப உள்ளே வரக் கைகாலைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, வாசலில் சுண்ணாம்பை மிதித்து வர வேண்டும். ரெண்டாம் தடவை போனால் கிருஷ்ணப்பன் முகம் சுருங்குகிறது. அவரையும் குறை சொல்ல முடியாது. பட்டுப்புழு பச்சைப் பிள்ளைக்கும் மேலே. ஒரு நாள் இலை சரியாகத் தின்னவில்லை என்றால் பைக்கில் ஆள் வந்து பார்த்து மருந்து தூவிவிட்டுப் போகிறான்.

வேலை ஜாஸ்தியான கடைசி வாரத்தில் யாரும் லீவு போடக் கூடாது. போட்டவளை அடுத்த பேட்சுக்குக் கூப்பிட மாட்டார்கள். இது நேற்று வந்த வழக்கம் இல்லை, உனக்கும் தெரியும்.

ஒரு வேடிக்கை கேள். போன வாரம் கிருஷ்ணப்பன் சம்சாரம் சென்னம்மாக்காவுக்கு நீர்க்கடுப்பு. காலையில் சொன்னார், வெயில் ஏறுவதற்குள் கார் சேலத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் மாத்திரையோடு வந்து இறங்கினார். பார்லி காய்ச்சக் கைப்பக்குவமான ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். நானும் காய்ச்சி, வடிகட்டி, உப்புப் போட்டு ஆற்றிக் கொடுத்தேன். எனக்கும் அந்த வாரம் அதே கடுப்புதான்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மெடிக்கலில் சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டது. இடுப்பு வலிக்கும் அதே மாத்திரைதான் கேட்கிறது.

நீ என்னை நினைத்து ஜெபத்தைக் கோட்டை விடாதே. முட்டையை மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

உன்னைச் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்,
அம்மா

&nbsp;

திண்டுக்கல்
4.8.2024

பிடிவாதக்கார அம்மாவுக்கு மகளின் தோத்திரம்.

நான் சுகம். ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கிருமி போய்விட்டது. இங்கே வேலை செய்யும்போது பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் இருக்கிறது. கை அதைத் தொடத் தயங்குகிறது, பழக்கம்.

நீ வேடிக்கை என்று எழுதியதைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக்காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. சென்னம்மாக்காவுக்குக் காய்ச்சிய பார்லியில் ஒரு டம்ளர் நீ குடித்தாயா, அதைச் சொல்லு. உனக்கும் அவருக்கும் ஒரே வயசு. நடக்கும்போது நீ அவருக்குப் பெரியக்கா மாதிரி தெரிகிறாய். மெடிக்கலில் வாங்கும் அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகவே ஆகாது என்று ஆரோக்கிய சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

மாதாமாதம் ரேஷன் கடைப் பக்கம் பிரஷர் பார்க்க வரும் தேவிப்பிரியா அக்கா சிறுநீர் டெஸ்ட்டும் எடுப்பார்கள் அல்லவா? அதில் உப்புப் போகிறதா என்று பார்த்தாலே போதும், மேற்கொண்டு ரத்தம் பார்க்க வேண்டுமா என்று தெரிந்துவிடும் என்கிறார் சிஸ்டர். காசும் கேட்க மாட்டார்கள். ஒரு மணி நேர வேலை.

நீ சொன்னால் கேட்க மாட்டாய் என்று தெரியும். அதனால் இன்றிலிருந்து நான் முட்டை சாப்பிடப் போவதில்லை. டெஸ்ட் எடுத்தேன், இதுதான் ரிசல்ட் என்று உன் கையெழுத்தில் வரும்வரை தொட மாட்டேன். பொறுப்புச் சிஸ்டரிடம் அனுமதி கேட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். அம்மா ஜெயிக்கிறாரா மகள் ஜெயிக்கிறாளா பார்க்கலாம் என்று சிரித்துவிட்டார்.

உன்னைவிடப் பிடிவாதக்காரி,
மோனிஷா

&nbsp;

இண்டூர் பக்கம்
22.9.2024

ராட்சசி மகளுக்கு,

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் நல்ல பசியும் கொடுக்கட்டும். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. ரெண்டு பேட்ச் அடுத்தடுத்து விழுந்ததில் பேனா பிடிக்க நேரமில்லை. அதற்காக ஒன்றரை மாசம் முட்டை தின்னாமல் கிடந்தாயா? ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்ன பெண் செய்கிற வேலையா இது? உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

டெஸ்ட் எடுத்தாயிற்று. கேட்டுக்கொள். கடைசி வாரம், புழு தின்கிற வேகத்துக்கு இலை வெட்டிக் கை ஓயவில்லை. கிருஷ்ணப்பனிடம் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். பக்கத்து வூட்டுக் கவிப்பிரியாவும் கூட வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளும் நம் கொட்டகையில்தான் வேலை செய்கிறாள். என்னை அத்தை அத்தை என்று சுற்றி வருவாள். ரேஷன் கடையில் ஒரே கூட்டம். தேவிப்பிரியா கையில் ஒரு கப்பைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குப் போகச் சொன்னாள். கவியும் கூட வந்தாள். நல்ல பெண், ஆபத்துக்கு உதவுகிறவள். கொடுத்துவிட்டு வந்தோம்.

ரிசல்ட்டை அங்கேயே சொல்லிவிட்டாள். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றாள். சீட்டைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். பிரஷர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறாள், போடுகிறேன்.

ஜெயித்துவிட்டாய். போய் முட்டையைச் சாப்பிடு. விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து ரெண்டாகக் கேள்.

உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
அம்மா

&nbsp;

திண்டுக்கல்
6.10.2024

என் நல்ல அம்மாவுக்கு ஆயிரம் நன்றி.

உன் கடிதம் வந்த அன்று கோவிலில் முழந்தாளிட்டு அழுதேன். எல்லாருக்கும் சொன்னேன். காலையில் ரெண்டு முட்டை வைத்திருந்தார்கள், ஒன்று உன் பங்கு என்று. ஆரோக்கிய சிஸ்டருக்கு மட்டும் ஆச்சரியம். இத்தனை வருஷம் இப்படி இருந்தும் ஒன்றுமில்லை என்றால் உன் அம்மா உடம்பு கல்லுதான் என்றார். கால் வீக்கம் வடிந்துவிட்டதா என்று மறக்காமல் கேட்கச் சொன்னார். நீ அதைப் பற்றி எழுதவேயில்லையே.

இந்த வாரம் வகுப்பில் ஏழ்மை வார்த்தைப்பாடு பற்றிப் பாடம். நமக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்றார் பொறுப்புச் சிஸ்டர். நான் கையைத் தூக்கி, தாகத்தைக்கூட வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இருக்கிறார்கள் சிஸ்டர் என்றேன். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரவைத்துக் கொட்டகை பற்றிக் கேட்டார்.

அதனால் உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். சென்னம்மாக்காவிடம் ஒரு வார்த்தை கேள். புழுவுக்குப் பனி மாதிரித் தண்ணீர் தெளிக்க மிஷின் வாங்கியவர்கள் ஒரு கக்கூஸ் கட்ட மாட்டார்களா? கட்டும்வரை அவர்கள் வீட்டுப் பின்பக்கம் இருப்பதையாவது விடலாமே. அவர் கெட்டவர் இல்லை.

உனக்காக ஜெபிக்கும்,
மோனிஷா

&nbsp;

இண்டூர் பக்கம்
15.12.2024

பாலன் இயேசு உன் உள்ளத்தில் பிறக்கட்டும், பாப்பா. நானும் தம்பியும் சுகம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு அவன் இந்த வருஷம் சீரியல் லைட் வாங்கி வந்திருக்கிறான்.

உன் கடிதம் வந்து ரெண்டு மாசமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. எழுத்து கோணலாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று வைத்துக்கொள்.

சென்னம்மாக்காவிடம் கேட்கச் சொன்னாய். கூலியைக் கூட்டிக் கேட்கலாம், வாய் கூசாது. போன தீபாவளிக்குக் கேட்டோம், கொடுத்தார்கள். இதை எப்படிக் கேட்பது? ஒங்க வூட்டுக் கக்கூஸுக்கு நாங்க வரட்டுங்களா என்று கேட்டு, அவர் முகம் ஒரு நொடி சுளித்துவிட்டால், மறுநாள் எந்த முகத்தோடு அந்தப் படியை மிதிப்பது? எட்டுப் பெண்கள் இருக்கிறோம். நீ கேள், நீ கேள் என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டதுதான் மிச்சம்.

டீக் கதை உனக்குச் சொல்லவில்லையே. பதினோரு மணிக்குச் சென்னம்மாக்கா எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுப்பார், உனக்குத் தெரியும். எல்லாரும் வாங்கி, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வேலியோரம் ஊற்றிவிடுவோம். ஒருநாள் பார்த்துவிட்டார். "எங்க வூட்டு டீ உங்களுக்கு எறங்கலியா?" என்று கேட்டார். எல்லாரும் குனிந்து இலையை அள்ளினோம். மறுநாளிலிருந்து இஞ்சி தட்டிப் போட்டு வருகிறது! அந்த மணத்துக்கே நாக்கு ஊறும். அதையும் ஊற்றினோம். பாவம் அவர்.

எனக்கு முகம் பூரித்திருக்கிறது என்று பூசைக்கு வந்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். மகளை மடத்துக்கு அனுப்பிவிட்டுக் கவலையில்லாமல் இருக்கிறாள் என்று பேச்சு. மருந்து அடித்த கொட்டகையில் நின்றதால் உடம்பெல்லாம் ஒரு அரிப்பு. சாப்பாடு கொஞ்சம் குமட்டுகிறது, வயசானால் அப்படித்தான். வேறொன்றுமில்லை.

வார்த்தைப்பாட்டுக்கு நான் கட்டிவர ஒரு சேலை எடுத்து வைத்தாயிற்று. நல்ல நீலம், மாதா கலர். நீ பாடத்தில் மட்டும் கவனம் வை.

அன்பு மாறாத,
அம்மா

&nbsp;

திண்டுக்கல்
5.1.2025

அன்புள்ள அம்மா,

புது வருஷம் உனக்கு உடல் சுகத்தைக் கொண்டுவரட்டும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கால் வீக்கம் பற்றி இந்தத் தடவையும் இல்லை. முகம் பூரிப்பு, அரிப்பு, குமட்டல் என்ற இடத்தை ஆரோக்கிய சிஸ்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அது பூரிப்பு இல்லை, வீக்கம் என்றார். போன டெஸ்ட் எப்படி வந்திருந்தாலும் பரவாயில்லை, உடனே ஜி.எச்.சுக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

புழுவை விட்டுவிட்டுப் போ. அடுத்த பேட்சுக்குக் கூப்பிடாவிட்டால் போகட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் மோனிஷா

&nbsp;

திண்டுக்கல்
2.2.2025

அம்மா,

பொங்கலும் போய்விட்டது. பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா? அந்த ஒரு வார்த்தையையாவது எழுது. நீ எழுத முடியாவிட்டால் தம்பியை எழுதச் சொல்.

மோனிஷா

&nbsp;

தருமபுரி
16.2.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அந்தோணி பிரகாஷ் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ வார்த்தைப்பாடு கொடுக்கிறவரை உனக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாயாம். சத்தியத்தை உடைக்கிறேன். மன்னிப்பை நீயே வாங்கிக் கொடு.

பொங்கல் முடிந்து இலை வெட்டும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கவிப்பிரியா அக்காதான் ஷேர் ஆட்டோ பிடித்து ஜி.எச்.சுக்குக் கொண்டுவந்தது. ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது அக்கா. சுருங்கிவிட்டது என்கிறார்கள். இனிமேல் புதன், சனி மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். அது இலவசம், நர்ஸுகளும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பிரஷர், வலி மாத்திரை, தண்ணீர் குடிக்காதது, அடிக்கடி வந்த கடுப்பு எல்லாம் சேர்ந்து வந்தது என்றார் டாக்டர். ஆறேழு மாசம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே பல வருஷம் ஓட்டியிருக்கலாமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செப்டம்பரில் டெஸ்ட் எடுத்திருக்கிறோம் சார், ஒன்றுமில்லை என்றார்களே என்று அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினேன். இந்த உடம்பில் அப்படி வர வாய்ப்பே இல்லையே என்று டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேவிப்பிரியா அக்காவைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அப்போதுதான் கவி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத பிரகாசு. அது என்னோடதுடா. அத்தைக்கு அன்னிக்கு ஒரு சொட்டு வரல. காலையிலேருந்து தண்ணி குடிச்சாத்தான வரும்? கொட்டாய்க்குத் திரும்பிப் போவணும்னு நேரமாவுது. 'மோனிசா அங்க முட்டை திங்காம கெடக்குறா புள்ள, நீ புடிச்சுக் குடுத்துரு'ன்னாங்க. நானும் வெளையாட்டா குடுத்துட்டேன்."

அப்படியே எழுதிவிட்டேன் அக்கா. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவள் ஆக்கிப்போட்டதைத் தின்றுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

உன் ஜெபத்தை நம்பும்,
தம்பி

&nbsp;

திண்டுக்கல்
9.3.2025

அம்மா,

தம்பி கடிதம் வந்து ரெண்டு வாரத்துக்கு மேலாகிறது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன் சுகத்தைக் கேட்டு ஆரம்பிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

என்னை ஏமாற்றிவிட்டாயே. கண்ணாடி மாதிரி என்று எழுதினாயே. நான் கோவிலில் முழந்தாளிட்டு நன்றி சொன்னேனே, அது யாருடைய உடம்புக்கு? உன் பங்கு என்று ரெண்டாவது முட்டையையும் தின்றேனே. நான் மிரட்டியிருக்கக் கூடாது. மிரட்டாமல் இருந்திருந்தாலும் நீ போயிருக்க மாட்டாய். எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டுச்சுவர்தான்.

உன் மேல் அத்தனை கோபம் இருக்கிறது. கொட்டகைமேலும் இருக்கிறது. என்மேல் அதைவிட இருக்கிறது. நான் இங்கே தினமும் எடை பார்க்கப்பட்டு, ரத்தம் பார்க்கப்பட்டுக் கொழுத்துவிட்டேன். எந்தச் சபதமும் எடுக்காமலே ஏழையாக இருந்தவள் நீ. உன்னை ஒருவரும் பார்க்கவில்லை.

பொறுப்புச் சிஸ்டர் பத்து நாள் லீவு கொடுத்திருக்கிறார். இருபதாம் தேதி வருகிறேன். வந்தவள் திரும்பப் போவேனா என்று எனக்கே தெரியவில்லை. வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போடவும் வழி இருக்கிறதாம். மிஷின் நாட்களில் உன் பக்கத்தில் உட்கார ஒருத்தி வேண்டாமா?

கோபம் தீராமலே உன்னைக் கட்டிக்கொள்ளும்,
மோனிஷா

&nbsp;

இண்டூர் பக்கம்
18.5.2025

என் கண்ணான மகளுக்கு,

பரிசுத்த ஆவி உனக்குத் தெம்பைத் தரட்டும். சுகமா என்று கேட்பாய். பொய் சொல்வதில்லை என்று பத்து நாளும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். மிஷின் நாளன்று துவண்டுவிடுகிறேன். மறுநாள் எழுந்து சோறாக்குகிறேன். உயிரோடு இருக்கிறேன், வாயும் குறையவில்லை.

உன்னைப் பஸ் ஏற்றிவிட்டதற்கு இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாயா? நீ இங்கே உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டிருந்தால் போனது திரும்பி வரப்போவதில்லை. அதுதான் விரட்டிவிட்டேன். பஸ் மறைந்த பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அதையும் சொல்லிவிட்டேன்.

நீ போன பிறகு சென்னம்மாக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ரெண்டு இளநீர். எனக்கு இளநீர் கூடவே கூடாது என்று நர்ஸ் தடுத்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுக்கப் போனார், அவருக்கும் ஆகாதாம். ரெண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கையில் போகிற குழாயையும், சிவப்பாக ஓடுகிற ரத்தத்தையும் பார்த்தார். கவி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கண் கலங்கிவிட்டது.

"ஏன் இன்னாசி, இத்தன வருசமா ஒரே எடத்துல கெடக்குறோம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

இத்தனை வருஷம் வாயில் வராதது அன்றைக்கு வந்தது பாப்பா. மிஷினில் கட்டிப்போட்டிருந்ததால் எழுந்து ஓடவும் முடியாது.

"நீங்களும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க. காலையில வந்து பொழுது சாயறவரைக்கும் எட்டுப் பொம்பளைங்க நிக்கறோமே, எங்க போறோம்னு."

அவர் எழுந்து, ரெண்டு இளநீரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதோடு அந்த வாசலுக்கும் நமக்கும் முடிந்தது என்று நினைத்தேன். நாலாம் நாள் செங்கல் லோடு வந்து இறங்கியது என்று கவி ஓடிவந்து சொன்னாள். கொட்டகைக்குக் கிழக்கே ரெண்டு கக்கூஸ், உள்ளே குழாய், தாழ்ப்பாள், டைல்ஸ்கூடப் போட்டிருக்கிறார்கள். புழுவுக்கு நோய் வராமல் இருக்க அங்கேயே கைகால் கழுவத் தொட்டியும் கட்டியிருக்கிறார்கள். ஒரு மாசத்தில் முடிந்துவிட்டது பாப்பா. பெரிய வேலையே இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

புதுப் பேட்ச் இறக்கிய அன்று கவி என்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. ஏழு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார்கள். சென்னம்மாக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். பிறகு நான் கவியைக் கூப்பிட்டு, என் முன்னால் தண்ணீர் குடி என்றேன். வெட்கப்பட்டாள். அதட்டினேன். ஒரு சொம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். கழுத்து வழியாக ஜாக்கெட்டெல்லாம் நனைந்தது.

எனக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காபி, குழம்பு எல்லாம் அதற்குள்தான். அன்றைக்கு என் பங்கு காலையிலேயே தீர்ந்துவிட்டது. கக்கூஸ் பத்தடி தூரத்தில் புதுசாக நிற்கிறது, எனக்குத் தண்ணீர் குடிக்க உரிமை இல்லை. கவி குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. அந்தப் பெண்ணுக்கு இனி ஒன்றும் வராது என்று மனசு நிறைந்தது. எனக்கு ஏன் இது முன்னாலேயே கிடைக்கவில்லை என்று அழுகையும் வந்தது. ரெண்டும் ஒன்றாகத்தான் வந்தது. பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை, எனக்கு மிஷின் நாள். வார்த்தைப்பாட்டுக்கு வர முடியாது. தம்பி வருவான். நீலச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் மிஷினில் படுப்பேன், அந்த நேரத்துக்கு என்னை நினைத்துக்கொள்.

ஆண்டவருக்கு மூன்று வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறாய். கொடு. அம்மாவுக்கும் ஒன்று கொடு. நாளைக்கு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்களோ, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களோ, எங்கே அனுப்பினாலும் அங்கே கூட்டிப் பெருக்குகிற, சமைக்கிற, மண் சுமக்கிற பெண்கள் இருப்பார்கள். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள். நாங்கள் சொல்லவில்லையே. போன முதல் நாளே அவர்களிடம் போய், தண்ணீர் குடித்தீர்களா என்று நீ கேள்.

என்றும் உன்,
அம்மா இன்னாசியம்மாள்